டைம் ஆபீஸ்காரரின் வலது கை

அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் அடி வாங்கிய ஆளைத்தான் பார்த்தேன். வேடசந்தூர் ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லுக்குள் நுழைந்து, டைம் ஆபீஸ் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போய் வாசலில் கால் வைக்கிறேன், உள்ளேயிருந்து ஒருத்தன் பறந்து வந்து என் காலடியில் விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. எழுந்தவன், "செத்த வழி விடுங்கக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தான். பின்னாலேயே ஒரு குரல் வந்தது. "கம்ப்யூட்டர் டீச்சரா? ஏன் தாயி வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

அதுதான் அவர். பேரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். மில்லிலும் அவர் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் டைம் ஆபீஸ்காரர். எந்த ஷிப்டுக்கு யார் வந்தார்கள், யார் மட்டம் போட்டார்கள், யாருக்கு எத்தனை நாள் லீவு என்பதையெல்லாம் பார்க்கிற இடம் டைம் ஆபீஸ். அதை அவர் தன் வலது கையால் நடத்தி வந்தார். எழுதுவதைச் சொல்லவில்லை.

அந்தக் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு ஓடும். தொண்ணூறுகளில் ஒரு ஸ்டிரைக்கின்போது மில் வாசலில் எவனோ அரிவாளால் இழுத்தது. துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அன்றைக்கு ஷிப்டுக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். பஸ் லேட்டாக வந்ததைச் சொல்வதுபோல அதை என்னிடம் சொன்னார். பன்னிரண்டு வயதில், நூல் சுற்றுகிற பாபின் கட்டைகளைப் பொறுக்க அந்த மில்லுக்கு வந்தவர். அப்போது இருந்த மேஸ்திரி பிரம்பால்தான் பேசுவானாம். "அடிச்சிட்டுச் சொன்னாத்தான் தாயி காதுல ஏறும்" என்பார். அது அவருக்கு வேதவாக்கு. மேஸ்திரி இவரை அடித்தான் என்பதற்காக இவர் ஊரை அடிக்கலாமா என்று நான் ஒரு தரம் கேட்டேன். "அதெல்லாம் யோசிச்சா ஷிப்டு ஓடாது" என்றார்.

நான் அப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆபீஸ் காகிதங்களை ஸ்கேன் பண்ணி உள்ளே வைத்துக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேரை எங்கள் சார் விற்க ஆரம்பித்திருந்தார். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் திட்டுவார்கள். சார் அதையே தகுதியாக எடுத்துக்கொண்டு, மில் ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல என்னை அனுப்பினார். அப்பா வாத்தியார், பெரியப்பா வாத்தியார், இரண்டு அத்தைகளும் டீச்சர்கள். செத்தாலும் டீச்சர் ஆக மாட்டேன் என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் சபதம் போட்டவள் நான். முதல் நாளே அந்த மனுஷன் என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்.

மில்லுக்கு இது எதற்கு என்றால், நூல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் திடீரென்று வந்து நின்று எந்த ரெக்கார்டைக் கேட்டாலும் நின்ற இடத்தில் காட்ட வேண்டுமாம். முதலாளி கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டார். அதைத் தொட ஆள் இல்லை.

முதல் வகுப்பில் டைம் ஆபீஸ்காரர், பெரிய கிளார்க், சூப்பர்வைசர், வாட்ச்மேன் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நான் சார் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தேன். ஃபோல்டர் என்றேன், இண்டெக்ஸ் என்றேன், வெர்ஷன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரிய கிளார்க் கேட்டார்: "ஏம்மா, அலமாரியிலயும் காயிதம் இருக்கு, இதுலயும் காயிதம் இருக்கு. அப்பறம் என்ன வித்தியாசம்?"

நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டைம் ஆபீஸ்காரர் எழுந்து போய், சுவரோரம் இருந்த ஃபைல் ராக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அம்மாடி! அந்தச் சத்தத்துக்கு வெளியே நின்ற நாய் குரைத்துக்கொண்டே ஓடியது. தரை முழுக்கக் காகிதம்.

"ஏலே, போன மாசம் கார்டிங் மெசின்ல கை மாட்டுனான்ல, அவன் லீவு லெட்டரை எடு."

பெரிய கிளார்க் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். தேடத் தேடப் பிடரியில் விழுந்தது. "இதுவா? இல்லையில்ல? அப்பறம் ஏன் எடுக்குற? தேடு!"

"சார், வயசான மனுசன் சார்!" என்று கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்க தாயி. பாடம் நடக்குதுல்ல."

கிளார்க்குக்கு வேர்த்துக் கொட்டி, கண்ணாடி கழன்று விழுந்து, லெட்டர் கிடைக்கவில்லை. அப்போது டைம் ஆபீஸ்காரர் என் பக்கம் திரும்பி, "இப்ப உங்க பொட்டியில எடுங்க" என்றார். நல்ல வேளை, காட்டுவதற்காகக் காலையிலேயே கொஞ்சம் லெட்டர்களை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன்; அதில் அதுவும் இருந்தது. லெட்டரில் படித்திருந்த பேரை டைப் அடித்தேன். லெட்டர் திரையில் வந்து நின்றது. கிளார்க்கின் சட்டையைப் பிடித்துத் தூக்கி அந்தத் திரைக்கு முன்னால் முகத்தை வைத்து அழுத்தி, "இதான்டா வித்தியாசம். தெரியுதா?" என்றார். கிளார்க்குக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. சார் எழுதிக்கொடுத்த மூன்று பக்கத்தில் அது இல்லை.

டைம் ஆபீஸ்காரர் கேட்ட ஒரே சந்தேகம், எதை வைத்துத் தேடுவது என்பது. டோக்கன் நம்பரை வைத்துத்தானே என்றார். மில்லில் எல்லோருக்கும் ஒரு டோக்கன். கூப்பிடுவதும், திட்டுவதும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அந்த நம்பரைச் சொல்லித்தான். எங்கள் சாஃப்ட்வேரில் பேர் போட்டால்தான் ஏறும் என்றேன்.

"பேரா?" என்று வாயைப் பிளந்தார். "இங்க யாருக்குத் தாயி பேரு தெரியும்?"

காகிதங்களை ஸ்கேனரில் வைத்து வைத்து எடுக்க, இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்த ஒருத்தரைக் கொடுங்கள் என்று கேட்டேன். ஸ்பின்னிங்கிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். மேகலா என்று பேர், கீரனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண், இருபது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டு வந்து உட்காருவாள். ஒரு தரம் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். பேச்சு ரொம்பக் கம்மி.

வெர்ஷன் என்கிற விஷயம்தான் யாருக்கும் ஏறவில்லை. ஒரு காகிதத்தைத் திருத்திப் புதிதாக ஏற்றினால், பழசும் இருக்கும், அதற்கு மேலே புதுசும் இருக்கும், இரண்டையும் பார்க்கலாம் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் சூப்பர்வைசர் தலையைச் சொரிந்தார். "மேல புதுசு வந்துட்டா கீழ இருக்குறது அழிஞ்சுதானக்கா போகும்?" என்றார்.

டைம் ஆபீஸ்காரர் அவர் இடது கன்னத்தில் ஒன்று விட்டார். சூப்பர்வைசர் சுதாரிப்பதற்குள் வலது கன்னத்தில் இன்னொன்று.

"இப்பச் சொல்லு. ரெண்டாவது அடி விழுந்துச்சே, மொத அடி எங்கலே போச்சு?"

"எங்கயும் போகலைங்கய்யா."

"இருக்கா?"

"இருக்குங்கய்யா. ரெண்டும் வலிக்குது."

"அம்புட்டுத்தான். டீச்சர், மேல சொல்லுங்க."

கிளார்க்கும் வாட்ச்மேனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூப்பர்வைசரும் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார், பாவம். மேகலா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்கேனர் மூடியைத் திறந்து அடுத்த காகிதத்தை வைத்தாள்.

இன்னொரு நாள் பெரிய கிளார்க் தன் பாஸ்வேர்டை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. டைம் ஆபீஸ்காரர் அவர் கையைப் பிடித்து மேஜை டிராயருக்குள் வைத்து, டிராயரைக் காலால் உதைத்து மூடினார். அவர் அலறினார் பாருங்கள், அந்த அலறலோடு நானும் எழுந்துவிட்டேன். "நீங்க மனுசனா சார்? வாயால சொன்னாத் தெரியாதா? நான் இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் கோபப்படவே இல்லை. "சாவிய ஊராங்கிட்ட குடுத்துட்டு வந்தா வீட்ல என்ன நடக்கும்? அதான் இது. இனிக் குடுப்பானான்னு கேளுங்க" என்றார். கேட்கிற நிலையிலா அந்த மனிதர் இருந்தார்? விரலுக்கு வைக்க ஐஸ் வாங்கிவர ஆள் அனுப்பினதும் இவரேதான். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மறுநாள் எங்கள் சார் கும்பிடாத குறையாகக் கெஞ்சித்தான் திரும்பப் போனேன்.

இத்தனைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கூடக் குறைத்துப் பேச மாட்டார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், "இன்னைக்கு என்ன வெஞ்சனம் தாயி?" என்று கேட்டு, தன் வீட்டுக் கத்திரிக்காயில் பாதியை என் மூடியில் போடுவார். மறுக்கக் கூடாது. அந்தக் கையை அத்தனை பக்கத்தில் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்காது.

மில் பஸ் டிரைவர் ஒருத்தன் இருந்தான். பெண்கள் இறங்கும்போது தாங்கிவிடுகிற சாக்கில் கையை வைப்பான். பெண்கள் இவரிடம் வந்து சொல்லவில்லை, இவரே பார்த்துவிட்டார். பஸ்ஸின் முன் கண்ணாடி அவன் தலையால்தான் உடைந்தது. பல் இரண்டு படிக்கட்டில் கிடந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் ஒரு பயல் வாலாட்டவில்லை. பெண்களுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதே வாரம் ஷிப்டுக்குப் பிந்தி வந்த மூன்று பெண்களை வாசலில் நிறுத்தி வைத்து ஆளுக்கொன்று கொடுத்ததும் இதே கைதான். இந்த ஆளை நல்லவர் என்று சொல்ல நான் எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன்; ஒவ்வொரு தரமும் இன்னொரு அடி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

லீவு லெட்டர், சம்பளத் தாள் எல்லாம் முடிந்த பிறகு பச்சை அலமாரியைத் திறந்தார்கள். அத்தனை பெண்களின் ஒரிஜினல் மார்க் ஷீட்டும், டி.சி.யும் அதற்குள் கட்டுக் கட்டாக இருந்தன. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மூன்று வருஷம் முடித்தால்தான் கையில் கிடைக்கும். நடுவில் நின்றுவிட்டுப் போனால் கிடைக்காது. அது முதலாளியின் உத்தரவு. அந்த அலமாரிக்குப் பயந்துதான் காய்ச்சலோடும் கட்டை விரல் நசுங்கியும் அந்தப் பெண்கள் மெஷினுக்கு முன்னால் நின்றார்கள். டைம் ஆபீஸ்காரரின் அடியைக்கூட அப்புறம்தான் சொல்ல வேண்டும்.

அலமாரியில் பாதி ஏறியிருந்தபோது முதலாளி பார்க்க வந்தார். பட்டியலில் அவர் விரல் வைத்த பேரையெல்லாம் டைப் அடித்தேன். ஒவ்வொரு மார்க் ஷீட்டாகத் திரையில் வந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்மா! இனிமே இந்தக் குப்பையெல்லாம் நமக்கு எதுக்குய்யா?" என்று அலமாரியைக் காட்டிச் சொன்னார்.

"தேவையில்லைங்களா மொதலாளி?" என்றார் டைம் ஆபீஸ்காரர்.

"அதான் எல்லாம் உள்ள இருக்குல்ல?"

டைம் ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். "உள்ள போயிட்டா காயிதம் வேணாமா டீச்சர்?"

"ஆபீசுக்கு வேணாம் சார்" என்றேன். எங்கள் சார் யார் கேட்டாலும் சொல்லச் சொன்ன பதில் அதுதான்.

அடுத்த வாரம் மேகலா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மதுரையில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டுக்குக் கார்டு வந்து, ஹாஸ்டல் போனில் அவள் அம்மா படித்துக் காட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினலைக் கொண்டுபோய்க் காட்டவில்லை என்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அன்றைக்குப் புதன். மில்லில் அவளுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தது.

"ஏனுங்க்கா, என்ரதை ஸ்கேன் பண்ணியாச்சுல்லங்க? நான் எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள். மார்க் ஷீட் அவள் கையிலேயே இருந்தது. ஸ்கேன் முடிந்த கட்டுகளை அவள்தான் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையதும் அப்படியே அவள் கைக்கு வந்துவிட்டது.

நான் எழுந்து போய் டைம் ஆபீஸ்காரரிடம் அவளுக்காகக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "மூணு வருசம்" என்றார். நர்ஸ் படிப்பு என்றேன். "மூணு வருசம் தாயி" என்றார். அவளைப் பார்த்து, "அலமாரியில வையி" என்றார்.

மேகலா வைக்கவில்லை. மார்க் ஷீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "இது என்ரதுங்க" என்றாள்.

அவர் எழுந்து வந்து அறைந்தார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி இல்லை, கையை நன்றாகப் பின்னால் வாங்கி விட்ட அறை. அவள் ஸ்கேனர் மேஜையில் மோதி விழுந்தாள். மேல் உதடு கிழிந்து ரத்தம் தாவணியில் சொட்டியது. நான் "ஐயோ சேசுவே" என்று கத்திக்கொண்டு ஓடுவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். மார்க் ஷீட்டை மேஜையில் பத்திரமாக வைத்தாள். திரும்பினாள். ஓங்கி அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

அத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்கு அரிவாளால் வெட்டு விழுந்திருக்கிறது; திருப்பி ஒரு அறை விழுந்ததில்லை. வாட்ச்மேன்தான் முதலில் அசைந்தான். "டைம் ஆபீஸ்காரரையே அடிக்கிறியாடி?" என்று கம்பை ஓங்கிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தான். டைம் ஆபீஸ்காரர் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து ஒரு மோது மோதினார். "நீ யாருடா நடுவுல?"

பிறகு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"தேடுங்க டீச்சர்."

"யாரை சார்?"

"இந்தப் புள்ளைய."

மேகலா என்று டைப் அடித்தேன். இரண்டு தரம் தப்பாகப் போயிற்று. மார்க் ஷீட் வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மார்க்காக மேலிருந்து கீழே படித்தார்.

"இம்புட்டு மார்க்கா?"

எனக்கு அவர் மேல் அத்தனை வெறுப்பு இருந்தது.

"உள்ள இருக்குல்ல?"

"இருக்கு."

"அலமாரியில மிச்சம் இருக்குறது?"

"நேத்தோட எல்லாம் ஏறிருச்சு சார்."

"மொதலாளி அன்னைக்கு என்ன சொன்னாரு?" இதைப் பெரிய கிளார்க்கிடம் கேட்டார்.

கிளார்க் டிராயரில் நசுங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு, "குப்பை நமக்கு எதுக்குன்னாருங்கய்யா" என்றார்.

அப்போது மதியம் ஷிப்டு மாறுகிற நேரம். உள்ளே இருந்த பெண்கள் வெளியே வர, வெளியே நின்றவர்கள் உள்ளே போக, டைம் ஆபீஸ் முற்றத்தில் இரண்டு ஷிப்டும் ஒன்றாக நின்றிருந்தார்கள். டைம் ஆபீஸ்காரர் கட்டுகளை அள்ளிக்கொண்டு போய்த் திண்டின் மேல் போட்டார். பேர்ப் பட்டியலை என்னை பிரிண்ட் எடுக்கச் சொன்னார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார்.

டோக்கன் நம்பர் எங்கள் பட்டியலில் இல்லை. பேர்தான் இருந்தது. அந்த முற்றத்தில் அவர் வாயால் பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. பாதிப் பேருக்குத் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று உறைக்கவே இல்லை. "ஏ புள்ள, ஒம் பேரு ஒனக்கே மறந்து போச்சா?" என்று முதுகில் ஒன்று வைத்து, மார்க் ஷீட்டைக் கையில் திணித்து, "ஓடு" என்பார். ஒவ்வொரு காகிதத்தோடும் ஒரு அடி. சிலர் வாங்கிக்கொண்டு உண்மையாகவே கேட்டைத் தாண்டி ஓடினார்கள். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதார்கள். மேகலாவை அவர் கூப்பிடவில்லை. அவள் தன்னுடையதை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு அதற்குள் பஸ் ஏறியிருந்தாள்.

கடைசிக் கட்டில் கை வைத்தபோது முதலாளியின் ஜீப் வந்தது. முதலாளியோடு நான்கு பேர் இறங்கினார்கள், கையில் இரும்புக் கம்பி. முதல் அடி டைம் ஆபீஸ்காரர் முதுகில் விழுந்தது. அவர் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள இருக்குல்ல மொதலாளி" என்றார். அடுத்தது முழங்காலில். கீழே விழுந்தார். "நீங்கதான குப்பைன்னு சொன்னீங்க" என்றார். அவர் நினைத்திருந்தால் அந்த நான்கு பேரில் இரண்டு பேரையாவது படுக்கப் போட்டிருப்பார். கையைத் தூக்கவே இல்லை.

"எந்தக் கைடா எடுத்துக் குடுத்துச்சு?" என்று முதலாளி கேட்டார். டைம் ஆபீஸ்காரர் வலது கையைத் தானாகவே நீட்டினார். அதைத் திண்டின் மேல் வைத்து ஒருத்தன் மிதித்துக்கொள்ள இன்னொருத்தன் கம்பியால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கத்தினேன், கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அதுவரைக்கும் எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

அப்போது ஒரு பாபின் பறந்து வந்து கம்பி வைத்திருந்தவன் நெற்றியில் பட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கணக்கு வழக்கில்லை. பெண்கள் தள்ளுவண்டியோடு பாபினைக் கொண்டுவந்து கவிழ்த்து எடுத்து எடுத்து அடித்தார்கள். அவரிடம் வாசலில் நின்று அடி வாங்கிய அதே பெண்கள். முதலாளியின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. நான்கு பேரும் தலையைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்குள் விழுந்தார்கள். ஒருத்தனுக்குக் காது கிழிந்து தொங்கியது. எனக்கு அதைப் பார்த்து இரக்கமே வரவில்லை.

ஸ்டேஷனில் முதலாளி, ஆபீஸ் ரெக்கார்டை இவர் திருடிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "அதென்னம்மா சாஃப்ட்வேர், எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்றார். சார் எழுதிக்கொடுத்த மூன்று பக்கமும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"சார், இவங்க ஆபீஸ்ல என்னென்ன இருந்துச்சோ அம்புட்டும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. நீங்க ஒரு பேரு சொல்லுங்க, நான் எடுத்துக் காட்டுறேன். ஒண்ணு காணாமப் போயிருந்தாக்கூட எனக்கு விலங்கு மாட்டுங்க. வெளிய போனது அந்தந்தப் புள்ளைங்க சொந்தமா எழுதிப் பாஸ் பண்ணுன மார்க் ஷீட்டு."

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுன பரீட்சையாங்க?"

முதலாளி புகார்க் காகிதத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றவர்களுடைய ஒரிஜினலை எதற்குப் பூட்டி வைத்திருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கையை உடைத்ததற்குக் கேஸ் கொடுக்கிறீர்களா என்று டைம் ஆபீஸ்காரரிடம் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாராம். வேலை போனதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியாஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. ஆள் பாதியாகியிருந்தார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு அட்டெண்டர் தள்ளுவண்டியைக் கட்டிலில் இடித்துவிட்டான். இவருடைய இடது கை படக்கென்று மேலே போனது. போன கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார்.

அப்போதுதான் மேகலா வந்தாள். பையில் ஆரஞ்சுப் பழம். உதட்டில் தையல் போட்டிருந்தது, பேசும்போது இழுத்துக்கொண்டது.

"மதுரைக்குப் போனியா?" என்று கேட்டார்.

"போனேனுங்க. வெள்ளிக்கிழமையே சேத்துக்கிட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். அந்தக் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. "அப்ப அன்னைக்கு ஒன்னைய அடிச்சது... அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுல்ல தாயி?"

மேகலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"சரியாப் போகலீங்க. நீங்கதானுங்க சூப்பர்வைசருக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ரெண்டாவது வந்துட்டா மொதலாவது அழியாதுன்னு. நீங்க அடிச்சதும் இருக்குதுங்க. மார்க் ஷீட்டு குடுத்ததும் இருக்குதுங்க. ரெண்டும் அப்படியேதான் இருக்கும்."

உரித்த சுளைகளை அவருடைய இடது கையில் வைத்தாள்.

அவர் கண் கலங்கியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இத்தன நாளா நீங்களும் வெளக்குனீங்களே டீச்சர்" என்றார். "நான் அவனை அடிச்சு வெளக்குனேன். எனக்கு இப்பத்தான் வெளங்குது."

சுளைகளை வாயில் போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.